கோபாலன் காட்ட முடியாத காகிதம்

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 1950 மார்ச் 1ஆம் தேதியிட்ட சென்னை அரசின் ஆணைகளில் இரண்டு, பின்னாளில் சட்டக் கல்லூரிப் பாடமாயின. ஒன்று, 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் கையில் கொடுக்கப்பட்டது. புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்படி அவர் தொடர்ந்து உள்ளேயே இருக்க வேண்டும் என்றது அது. மற்றொன்று, பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார ஏடு சென்னை மாநிலத்துக்குள் வரவும் விற்கவும் தடை விதித்தது.

மறுநாள் டெல்லியில் இன்னொரு ஆணை பிறந்தது. இந்த முறை சிக்கியது வலதுசாரி ஏடான 'ஆர்கனைசர்'. வகுப்புவாதச் செய்திகள், பாகிஸ்தானைப் பற்றிய செய்திகள், கருத்துகள், படங்கள், கேலிச்சித்திரங்கள் என எல்லாவற்றையும் அச்சிடும் முன் இரண்டு பிரதிகளாக அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அரசோ செய்தி நிறுவனங்களோ தந்தவற்றுக்கு மட்டும் விலக்கு.

காலம் கொந்தளிப்பானதுதான். பிரிவினையின் ரத்தம் காயவில்லை. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னை மாநிலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில், பிப்ரவரி 25 அன்று, உள்துறை அமைச்சர் வல்லபாய் படேல் தடுப்புக் காவல் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். அன்றே அது நிறைவேறியது. ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட அந்தச் சட்டம், நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாக 1969 டிசம்பர் 31 வரை உயிரோடு இருந்தது.

அதன் 14ஆம் பிரிவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவரை எதற்காக அடைத்திருக்கிறோம் என்ற காரணங்களை அரசு எழுதிக் கொடுக்கும். ஆனால் அந்தக் காரணங்களை அவர் நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது. அனுமதியின்றி வெளியிட்டால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். அதாவது, கோபாலனின் கையில் காகிதம் இருந்தது, எதிரே நீதிபதிகள் இருந்தார்கள், ஆனால் காகிதத்தை அவர் காட்ட முடியாது.

அவருக்காக வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகளும் 14ஆம் பிரிவு செல்லாது என்றார்கள். ஆனால் பெரும்பான்மை நீதிபதிகள் மற்றப் பிரிவுகளை ஏற்றுக்கொண்டார்கள். சட்டமன்றம் இயற்றிய நடைமுறை ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. நீதிபதி பசல் அலி அதை ஏற்கவில்லை. முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான விசாரணை ஆகியவை இல்லாத நடைமுறை, நடைமுறையே ஆகாது என்று அவர் தனித் தீர்ப்பு எழுதினார். கோபாலன் சிறையிலேயே இருந்தார்.

ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, இரண்டு ஏடுகளின் வழக்குகளிலும் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது. இடதுசாரி ஏட்டுக்காக ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குத் தொடுத்திருந்தார். வலதுசாரி ஏட்டுக்காக வாதாடியவர் இந்து மகாசபைத் தலைவர் என்.சி. சட்டர்ஜி. இரண்டு வழக்கிலும் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. நாட்டின் பாதுகாப்பே குலையும் என்றால் அரசு பேச்சைத் தடுக்கலாம். பொது ஒழுங்கு என்ற பரந்த பெயரைச் சொல்லித் தடுக்க முடியாது என்றார். தடையும் தணிக்கையும் ரத்தாயின. கோபாலன் வழக்கில் தனிமனிதர் பக்கம் நின்ற பசல் அலி, இந்த இரண்டிலும் அரசின் பக்கம் நின்று மாறுபட்டார் என்பதையும் வரலாறு பதிந்திருக்கிறது.

எதிரெதிர் முனைகளில் நின்ற இரு ஏடுகளுக்கும் கிடைத்த நிழல் நீடிக்கவில்லை. 1951 ஜூனில் நேரு அரசு அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து, பொது ஒழுங்கைக் காரணம் காட்டிப் பேச்சைக் கட்டுப்படுத்த வழி செய்தது. கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற ஒரு சொல் மட்டும் விவாதத்தின் போக்கில் சேர்க்கப்பட்டது. நீதிமன்றங்கள் இன்றும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வழக்குகளை அளக்கின்றன.

அந்தத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர் சியாமா பிரசாத் முகர்ஜி. தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியபோது அவரே மத்திய அமைச்சராக இருந்தவர். 1953இல் காஷ்மீரில் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது இறந்தார். 1951இல் உள்துறை அமைச்சராக அந்தச் சட்டத்தின் ஆயுளை நீட்டித்த ராஜாஜி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, அரசின் கை நீள்வதை எதிர்த்தார். நாற்காலியில் இருக்கும்போது ஒரு பார்வை, இறங்கிய பின் வேறொரு பார்வை. இடது, வலது என்ற பிரிவை விட இந்தப் பிரிவுதான் ஆழமாக ஓடியது.

நெருக்கடி நிலையில் இந்தப் பிரிவு உச்சத்துக்குப் போனது. மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் மார்க்சிஸ்டுகளும் ஜனசங்கத்தினரும் திமுகவினரும் ஒன்றாகவே சிறை சென்றார்கள். அவர்கள் ஆட்கொணர்வு மனு போடவே முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. அடுத்த நாள் ஏ.கே. கோபாலன் காலமானார்.

பசல் அலி சொன்ன வழிக்கு நீதிமன்றம் 1978இல், மேனகா காந்தி வழக்கில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 44ஆவது திருத்தத்தில், காவலை ஆராயும் ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வர மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று போதும். அதன்பின் எத்தனையோ கட்சிகள் டெல்லியில் ஆட்சிக்கு வந்து போய்விட்டன. அந்த அறிவிக்கையை இதுவரை எந்த அரசும் வெளியிடவில்லை.