நட்சத்திர சர்க்கஸும் பென்ஷனும்

நடிகர்களையும் விளையாட்டு வீரர்களையும் கூட்டிவந்து, சில வாரம் பார் விளையாட்டும் கயிற்று வித்தையும் பழக்கி, மதிப்பெண் போடும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 2008இல் அமெரிக்காவில் நடந்தது. பெயர் 'செலிபிரிட்டி சர்க்கஸ்'. அதற்கு முன்பே 1977 முதல் 1994 வரை 'சர்க்கஸ் ஆஃப் தி ஸ்டார்ஸ்' என்று வேறொரு சேனலில் வந்திருக்கிறது. என் பேரன் இதைப் புது யோசனை என்கிறான்.

யோசனைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்குப் பாரிஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே 1923இல் நடிகர் சங்கம் ஒரு விழா தொடங்கியது. பெரிய நடிகர், நடிகையர் ஒருநாள் மட்டும் சர்க்கஸ்காரர்களாகி வித்தை காட்டுவார்கள். வசூல் முழுக்க நொடித்துப்போன கலைஞர்களுக்கு. பல ஆண்டுகள் அது 'சிர்க் திவேர்' என்ற நிரந்தரக் கட்டடத்தில் நடந்தது. 1859இல் லெயோதார் என்ற இளைஞர் உலகிலேயே முதன்முதலாக ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குப் பறந்து காட்டியதும் அதே இடத்தில்தான். ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகள் அணியும் ஒட்டிய உடைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது!

நம் பக்கம் வாசனின் 'சந்திரலேகா' (1948) படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கதாநாயகி டி.ஆர்.ராஜகுமாரி கதைப்படி சர்க்கஸில் சேர்கிறார். வாசன் அதற்காகக் கமலா சர்க்கஸ், பரசுராம் லயன் சர்க்கஸ் என்று இரண்டு கம்பெனிகளை அமர்த்தினார். முரசு நடனம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பாரில் தொங்கியவர்கள் யார் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அவர்களில் பலருக்குத் தாய்வீடு மலையாள நாடு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கினால் வரும் கொல்லம் பக்கம் அல்ல. இன்னும் வடக்கே, தலச்சேரி. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1901இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அவரிடமும் அவர் சீடர்களிடமும் பழகியவர்கள்தான் நாடெங்கும் கம்பெனி நடத்தினார்கள். எலும்பு வளையும் வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் கொடுமையும் இருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதிக்கச் சொன்னது சரியே.

ஆனால் ஐந்து வயதில் சேர்ந்து நாற்பதில் முதுகு ஒடிந்து வீடு திரும்பியவர்கள் கதி? ஆடும் பாரில் தலைகீழாகத் தொங்கி, பறந்து வருபவரின் மணிக்கட்டைப் பிடிப்பவருக்குத் தோள்மூட்டு எத்தனை வருடம் தாங்கும்? நமக்கெல்லாம் மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. கேரள அரசு நலிந்த சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் வைத்திருக்கிறது, நல்ல காரியம். குமாஸ்தா புத்தி எனக்கு உடனே சான்றிதழைத் தேடுகிறது. ஊர் ஊராகக் கொட்டகையில் படுத்தவருக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் ஏது? கம்பெனியே மூடிப்போனால் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவார்?