போதை சிகிச்சைக்கு யார் காசு கொடுப்பது?

சென்னையில் போதை மீட்பு சிகிச்சையின் கதையை 1979ல் இருந்து தொடங்கலாம். முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் அந்த வருஷம் குடிநோயால் இறந்தார். பணத்துக்குக் குறையே இல்லாத வீடு. அப்படியும் காப்பாற்ற முடியலை.

அடுத்த வருஷமே, 1980ல், அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் கணவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி அறக்கட்டளையை ஆரம்பித்தார். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் உள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி எடுத்திருந்தார். அடையாறு இந்திரா நகரில் இன்றைக்கு இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை அந்த அறக்கட்டளையுடையதுதான். குடி ஒழுக்கக்கேடு இல்லை, நோய். நோயாளியோடு குடும்பத்துக்கும் கவுன்சலிங் வேணும். இதுதான் அவர்கள் வழி.

சரி, சிகிச்சை வந்தாச்சு. காசு?

இதில் பெரிய செலவு மருந்து இல்லைங்க. உடம்பில் இருந்து போதை இறங்க சில நாள்தான் ஆகும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தங்கணும், கவுன்சலிங், மாதக்கணக்கில் தொடர் கண்காணிப்பு. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற ஒருத்தர் ஒரு மாதம் படுத்தால் அந்த மாதச் சம்பளமும் போச்சு. பில்லில் வராத செலவு அது.

இதற்கு அந்த அறக்கட்டளை கண்ட விடை கிராம முகாம். 1989 வாக்கில் மஞ்சக்குடியில் ஆரம்பித்தார்கள். ஊரிலேயே ஒரு கட்டிடம், உள்ளூர் அமைப்பின் ஆதரவு, பதினைந்து நாள் இலவச சிகிச்சை. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு இழுக்காமல் ஆஸ்பத்திரியையே ஊருக்குக் கொண்டுபோனதால் செலவு பல பேர் தோளில் பிரிந்தது. 1992ல் சாந்திக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

அரசு பக்கம் பார்த்தால், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மீட்பு மையங்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் 1980களில் இருந்தே மானியம் தருகிறது. 2017 மனநலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு மனநல மையங்களில் இலவச சிகிச்சை உரிமை என்றது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் வசதி இருக்கணும் என்றும் சொன்னது.

ஆனா உங்க மெடிக்கல் பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் படிங்க. மது, போதைப் பழக்க சிகிச்சை அங்கே விலக்குப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். சட்டம் நோய் என்கிறது, பாலிசி கிட்டத்தட்ட 'நீயா தேடிக்கிட்டது' என்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி சாந்தி எந்த எண்ணத்தை எதிர்த்தாரோ, அது இன்னும் படிவத்துக்குள் பத்திரமா இருக்கு.

அதனால் அவசரத்தில் ஏதோ ஒரு தனியார் 'ஹோம்'ல கடன் வாங்கிச் சேர்க்கிறதுக்கு முன்னாடி, 14446க்கு ஒரு போன் போடுங்க. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் அது. அரசு மானியத்தில் நடக்கும் மையம் பக்கத்தில் எங்கே இருக்குன்னு கேளுங்க. சிங்கப்பெருமாள் கோவில்காரங்களுக்கு மின்சார ரயிலில் பரனூர் தாண்டினால் செங்கல்பட்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கே இருக்கு. மனநலப் பிரிவு எங்கேன்னு கேட்டு நேரா போங்க. எங்கே சேர்த்தாலும் இரண்டு கேள்வி: மனநலச் சட்டப்படி பதிவு இருக்கா? மொத்தக் கட்டணத்தை எழுதிக் கொடுப்பீங்களா? இரண்டுக்கும் மழுப்பினால் வேற இடம் பாருங்க.