வத்தை (பாய்ப் படகு)

வத்தை என்பது பாக்கு விரிகுடாவின் தமிழ்நாட்டுக் கரையில் மீன்பிடித்தலுக்குப் பயன்பட்டுவந்த, தட்டையான அடிப்பகுதி கொண்ட மரப்படகு ஆகும். தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள அதிராம்பட்டினம் இவ்வகைப் படகுகளுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று. இக்கட்டுரை இப்படகின் பாய் அமைப்பையும், அதைச் சரிசெய்யும் முறையையும் விளக்குகிறது.

சூழல்

காவிரிக் கழிமுகத்தின் தென்பகுதி ஆறுகள் முத்துப்பேட்டைக் காயல் வழியாகக் கடலில் கலக்கின்றன. அவை கொண்டுவரும் வண்டலால் இக்கரையோரம் சேறு நிறைந்தும் ஆழம் குறைந்தும் காணப்படுகிறது. தட்டையான அடி கொண்ட படகு இங்கு தரைதட்டாமல் செல்லும். ஆனால் நீருக்குள் ஆழமாக இறங்காத படகைக் காற்று எளிதில் பக்கவாட்டில் தள்ளிவிடும். இதைத் தடுக்கப் படகின் பக்கத்தில் ஒரு பலகை நீருக்குள் இறக்கப்படுகிறது.

பாயும் பாய்மரமும்

பெரிய வத்தைகளில் மூன்று பாய்மரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பருமல் எனப்படும் சாய்ந்த கழியில் பாய் கட்டப்படும். பாயின் முன்மூலைக் கயிறு கோசு எனவும், பின்மூலைக் கயிறு தாமான் எனவும் அகராதிகளில் குறிக்கப்படுகின்றன.

பாயைத் தெரிவு செய்தல்

மென்காற்றில் பரப்பு மிகுந்த, சற்றே குழிந்த பாய் அதிக உந்துவிசை தரும். வன்காற்றில் அதே பாய் படகைச் சாய்த்துவிடும் என்பதால் சிறிய, தட்டையான பாய் ஏற்றது. எனவே வாடைக்காற்றுக் காலத்திற்கும் தென்றல் காலத்திற்கும் ஒரே பாய் பொருந்தாது.

பாயைச் சரிசெய்தல்

1. காற்றை எதிர்த்துச் சாய்வாகச் செல்லும்போது, பாயின் முன்விளிம்பு படபடக்கும் வரை தாமானைத் தளர்த்த வேண்டும். பின்னர் படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும்.
2. அதற்கு மேலும் இழுத்தால் வேகம் கூடாது. சாய்வும் பக்கவாட்டு நகர்வுமே கூடும்.
3. கோசை இறுக்கினால் பாயின் முன்விளிம்பு விறைப்பாகும். இது காற்றெதிர்ப் பயணத்திற்கு உதவும்.
4. காற்று பின்னிருந்து வீசும்போது தாமானை நன்கு தளர்த்திப் பாயை விரிய விட வேண்டும்.
5. பின்பாயை மிகையாக இறுக்கினால் படகின் முகப்பு காற்றை நோக்கித் திரும்பும். இதனால் சுக்கானின் மீது சுமை கூடும்.

திடீர்க் காற்றில் முதலில் செய்ய வேண்டியது தாமானைத் தளர்த்துவதாகும். தாமதித்தால் படகு கவிழலாம்.

சமன்பலகை

வத்தையின் சிறப்புறுப்பு சமன்பலகை ஆகும். இது படகின் குறுக்கே, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டப்படும் நீண்ட பலகை. காற்று வலுக்கும்போது படகாட்கள் இதன்மீது வெளிநோக்கி நகர்ந்து அமர்வர். அமர்பவர் எவ்வளவு வெளியே செல்கிறாரோ, அவ்வளவு பெரிய பாயைப் படகு தாங்கும். ஆகவே பாயின் அளவு படகை மட்டுமன்றி, அதில் செல்லும் ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது.

ஆய்வும் இன்றைய நிலையும்

லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்கிரெய்ல் ஆகியோர் வத்தை குறித்த ஆய்வுக் கட்டுரையை 1998இல் வெளியிட்டனர். சட்டங்களை முதலில் நிறுத்தி, அவற்றின்மேல் பலகைகளைப் பொருத்தும் கட்டுமான முறை அதில் ஆராயப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரப் படகுகள் பரவியதால் பாயின் பயன்பாடு பெரிதும் குறைந்தது. படகின் உடலை அளந்து பதிவு செய்ய இயலும். பாயைக் கையாளும் அறிவோ அதில் சென்று பழகியவர்களிடமிருந்தே பதிவு செய்யப்பட வேண்டியதாகும்.