இன்யோ: நீருரிமை உருவாக்கிய நாட்டுப்புறம்

முன்னுரை

கலிபோர்னியாவின் கிழக்கு விளிம்பில், நெவாடாவை ஒட்டி அமைந்தது இன்யோ கவுண்டி. பரப்பு ஏறத்தாழ 26,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19,016. வறண்ட பூமியில் ஆட்கள் குறைவாக இருப்பது இயல்புதான் என்று தோன்றலாம். ஆனால் இதன் மேற்குப் பகுதியான ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நூறாண்டுக்கு முன் வயல்களும் பழத்தோட்டங்களும் செழித்திருந்தன. இன்யோவின் இன்றைய நிலைக்கு மழைக்குறைவைவிட நிலமும் நீரும் கைமாறிய விதமே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

நில அமைப்பு

மேற்கே சியரா நெவாடா; அதில் 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம். கிழக்கே மரணப் பள்ளத்தாக்கு. அங்குள்ள பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் மேகங்கள் சியராவின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பெய்துவிடுவதால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதியானது. எனினும் முகடுகளின் பனி உருகி, ஓடைகளாக இறங்கி ஓவன்ஸ் ஆற்றில் சேரும். அந்த ஆறு கடலுக்குப் போகாமல் ஓவன்ஸ் ஏரியில் முடிந்தது.

முதல் கைமாற்றம்

இங்கு முதலில் வாய்க்கால் வெட்டியவர்கள் பையூட் பழங்குடியினர். ஓடைநீரைத் திருப்பிக் கிழங்கும் விதையும் தரும் காட்டுத் தாவரங்களை வளர்த்தனர். 1861இல் வந்த குடியேறிகளின் மாடுகள் அந்த நிலங்களை மேய்ந்தழித்தன. மறு ஆண்டே போர் மூண்டது. 1863இல் சுமார் 900 பையூட்டுகளை ராணுவம் டெஹோன் கோட்டைக்கு விரட்டியது. பிறகு திரும்பிவந்தவர்களில் பலர், தங்கள் மண்ணிலேயே கூலியாட்களாயினர். 1866இல் கவுண்டி உருவானது. இண்டிபென்டன்ஸ் அதன் தலைநகர். செரோ கோர்டோ சுரங்கத்தின் வெள்ளி வண்டிகளில் லாஸ் ஏஞ்சலிசுக்குப் போயிற்று. அப்போது சிற்றூராக இருந்த லாஸ் ஏஞ்சலிசின் வணிகத்தை வளர்த்ததில் அந்த வெள்ளிக்கும் பங்குண்டு.

இரண்டாம் கைமாற்றம்

அப்படி வளர்ந்த லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. 1905இல் அதன் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் பள்ளத்தாக்கில் நிலமும் நீருரிமையும் வாங்கினார். அங்கு உழவர்களுக்கான பாசனத் திட்டம் ஒன்றை மத்திய அரசு அப்போது பரிசீலித்துவந்தது; பின்னர் அது கைவிடப்பட்டது. வில்லியம் முல்ஹாலண்ட் கட்டிய சுமார் 375 கிலோமீட்டர் கால்வாய் 1913 நவம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. இறைப்பு இயந்திரம் ஏதுமின்றி, நிலச்சாய்வின் போக்கிலேயே நீர் நகரை அடைந்தது.

1920களின் வறட்சியில் நகரம் மேலும் மேலும் பண்ணைகளை வாங்கியது. 1924 மே மாதம் கால்வாய்க்கு வெடி வைக்கப்பட்டது. நவம்பரில் ஊர்மக்கள் அலபாமா மதகைக் கைப்பற்றி நான்கு நாட்கள் நீரைத் திருப்பிவிட்டனர். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் 1927இல் மூடப்பட்டன. கையாடலுக்காக இருவரும் சிறை சென்றனர். மக்களின் சேமிப்போடு போராட்டமும் கரைந்தது. 1933க்குள் விளைநிலத்தில் சுமார் 95 விழுக்காடும் ஊர்மனைகளில் 85 விழுக்காடும் நகரத்தின் வசமாயின.

விளைவுகள்

1926 வாக்கில் ஏரி வற்றியது. அதன் உப்புப் புழுதி பிற்காலத்தில் பெரும் நலக்கேடாயிற்று. பழத்தோட்ட ஊரான மன்சனார் காலியானது. 1942இல் அங்கேதான் ஜப்பானிய அமெரிக்கர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். 1970இல் இரண்டாம் கால்வாய் வந்து நிலத்தடி நீரையும் எடுத்தபோது கவுண்டி வழக்குத் தொடுத்தது. நீண்ட வழக்காடலுக்குப் பின் 2006 டிசம்பரில் கீழ் ஓவன்ஸ் ஆற்றின் சுமார் 100 கிலோமீட்டரில் மீண்டும் நீர் விடப்பட்டது.

முடிவுரை

உழவை முடக்கிய அதே நிலவுடைமை, புறநகர்க் குடியிருப்புகள் பெருகுவதையும் தடுத்தது. இன்று பயணிகள் வியக்கும் திறந்தவெளி, இயற்கையின் கொடையாகத் தெரிந்தாலும் பத்திரப்பதிவுகளின் விளைவே. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி பையூட்டுகளுக்கான நிலத்தை மத்திய அரசும் நகரமும் மாற்றிக்கொண்டன; நீருரிமை மட்டும் தீர்க்கப்படாமல் விடப்பட்டது. ஆகவே இன்யோவின் நீர் வரலாற்றை விவசாயிக்கும் நகரத்துக்கும் நடந்த சண்டையாக மட்டும் எழுதுவது, முதல் வாய்க்காலை வெட்டியவர்களின் வழக்கை விட்டுவிட்டு எழுதுவதாகும்.