மரத்தூளில் பொதிந்த குளிர்

சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டிடம் 1842இல் எழுந்தபோது அதற்கு ஒரே வேலைதான்: பனிக்கட்டியை உருகாமல் காப்பது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடர், நியூ இங்கிலாந்துக் குளங்கள் உறையும் பருவத்தில் அவற்றைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றினார். 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. தோரோ தமது 'வால்டன்' (1854) நூலில், தம் குளத்து நீரைப் பருகவிருக்கும் தொலைதூர ஊர்களுள் சென்னையையும் குறிப்பிடுவது இந்த வணிகத்தை மனத்தில் கொண்டுதான்.

இதைச் சாதித்தது விலையுயர்ந்த பொருள் எதுவுமன்று. மர அறுவை ஆலைகளில் கழிவாகக் குவிந்த மரத்தூள். நம் ஊரில் ஐஸ் பாளங்களை உமியிலும் சாக்கிலும் பொதிந்து விற்றவர்களும் இதே அறிவைக் கையாண்டவர்களே. வெப்பத்தைத் தடுப்பது தூள் அன்று. தூளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்ட காற்று. உருகிய நீர் உள்ளேயே தேங்கினால் அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். அசையாக் காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே பனிக்கட்டிக் கிடங்குக்குச் சுவர் எவ்வளவு முக்கியமோ, வடிகாலும் அவ்வளவு முக்கியமாயிற்று.

ஐஸ் ஹவுஸிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே அபிராமபுரம். இப்பகுதியின் பழைய வீடுகளில் பக்கவாட்டில் ஒரு கார் ஷெட் இருக்கும். கார் வெளியேறிய பிறகு அங்கே குடியேறுபவை பெரும்பாலும் புத்தகங்களும், கட்டுக்கட்டாகச் சிறுபத்திரிகைகளும். 1959இல் தொடங்கிய 'எழுத்து' போன்ற இதழ்களின் பழைய தொகுப்புகள் தனியார் வீடுகளில் இப்படித்தான் தப்பிப் பிழைத்தன. அழிந்தவையும் இப்படித்தான் அழிந்தன: ஏப்ரலில் தகரக் கூரையின் அனல், நவம்பரில் சுவரின் ஈரம், அதன்பின் பூஞ்சையும் கரையானும்.

இந்த நகரத்துக்கு இதற்கொரு விடை ஏற்கெனவே இருந்தது. மெட்ராஸ் டெரஸ் எனப்பட்ட கூரையில் தேக்குச் சட்டங்களின்மீது சிறு செங்கற்களைக் கோணவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு. ஜல்லியின் நுண்துளைகள் வெயிலைத் தாமதப்படுத்தின; வாட்டம் மழையை வெளியேற்றியது; சுண்ணாம்பு, உறிஞ்சிய ஈரத்தை மீண்டும் ஆவியாக வெளிவிட்டது. சிமெண்ட் வந்தபின் நாம் மறந்தது இந்த மூன்றாவது குணத்தையே. தரையிலிருந்து ஈரம் ஏறும் சுவரைச் சிமெண்டால் பூசி மூடினால் ஈரம் மறைவதில்லை. பூச்சு முடியும் இடம் வரை ஏறி அங்கே வெளிப்படுகிறது.

மற்றொரு தவறு குளிர்நாட்டுக் கையேடுகளிலிருந்து வருகிறது. அங்கே வீட்டின் உட்புறம் வெப்பமானது; ஈரக்காற்று உள்ளிருந்து வெளியே செல்ல முயலும்; எனவே நீராவியைத் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பைச் சுவரின் உட்புறம் அமைக்கிறார்கள். ஏசி ஓடும் சென்னை அறையில் திசை நேரெதிர். வெளிக்காற்று 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால், ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்து முத்தாகப் படியும். விரிப்பு உட்புறம் இருந்தால் அந்நீர் சுவருக்குள்ளேயே சிறைப்படும். இங்கே தடுப்பு, வெளிப்பக்கமாக அமையவேண்டும். 1902இல் வில்லிஸ் கேரியர் தம் முதல் கருவியை வடிவமைத்ததே புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியதைச் சரிசெய்யத்தான் என்பது புத்தகப் பிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

ஏசி இல்லாத ஷெட்டுக்குச் செலவு குறைந்த வழி உண்டு; வரிசைதான் முக்கியம். முதலில் நீர்: கூரை ஒழுக்கை அடைத்து, மழைநீர் சுவரோரம் தேங்காமல் வெளியே வாட்டம் கொடுக்கவேண்டும். அடுத்து வெயில்: கூரைக்கு வெளியே வெள்ளைப் பூச்சு. கல்நார் ஓடாக இருந்தால் அதைத் துளையிடுவதோ தேய்ப்பதோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிறகு காற்று: கூரைக்குக் கீழே சில அங்குலம் இடைவெளி விட்டு உட்கூரை, அந்த இடைவெளியின் இரு முனைகளிலும் வலையிட்ட திறப்பு. கடைசியாகத்தான் தெர்மோகோலோ கண்ணாடிக் கம்பளியோ. முன்னது எளிதில் தீப்பற்றும். பின்னது நனைந்தால் பயனிழக்கும். அலமாரிகள் தரையைவிட்டு உயர்ந்தும் சுவரைவிட்டு விலகியும் நிற்கட்டும்.

இயந்திரத்தில் செய்த ஐஸ் வந்ததும் டூடரின் வணிகம் நொடித்தது. அவரது கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். குளிரைப் பூட்டிவைக்கக் கட்டியதை மனிதர் வாழுமிடமாக்க முதலில் செய்ய நேர்ந்தது, சன்னல்கள் வைப்பதுதான். காகிதம் வாழுமிடத்துக்கும் அதுவே பொருந்தும்.