இயந்திரத்தை ஓரங்கட்டிய ஊர்: சிவகாசி சொல்லித் தரும் தொழில் பாடம்



பி.காம். படிக்கிறவர்கள் எல்லோருக்கும் "நிறுவனத்தில் புதுமைப் பண்பாடு" என்ற பாடம் ஏதாவது ஒரு செமஸ்டரில் வந்தே தீரும். புத்தகத்தைத் திறந்தால் முதல் உதாரணம் அமெரிக்காவின் 3எம் கம்பெனி. ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுத்த உதாரணம் ஜப்பானின் டொயோட்டா. தொழிலாளி யோசனை எழுதிக் கொடுக்கும் திட்டத்தை அவர்கள் 1951-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டும் நல்ல உதாரணங்கள்தான். பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் தளவாய்புரத்தில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் மாறினால் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரில் இதே பாடம் நூறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பாடப் புத்தகத்திலும் அதைக் காணோம்.

அந்த ஊர் சிவகாசி. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என்று மூன்று வார்த்தையில் அதை முடித்துவிடுகிறோம். இந்த மூன்றும் ஏன் ஒரே ஊரில் வந்து சேர்ந்தன என்று யோசித்திருக்கிறீர்களா? அதில்தான் கதையே இருக்கிறது.

1922: கல்கத்தா பயணம்

சிவகாசிப் பக்கம் கரிசல் பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். வானத்தை நம்பி விவசாயம் செய்து பிழைப்பது கஷ்டம். 1922-ல் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள், கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம். ஏறக்குறைய எட்டு மாதம் அங்கே தங்கினார்கள்.

ஏன் தீப்பெட்டி? அதுவரை இந்தியாவுக்குத் தீப்பெட்டி பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922-ல் அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியைக் கூட்டியது. வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறினால் உள்நாட்டில் செய்கிறவனுக்கு இடம் கிடைக்கும். சுதேசி இயக்கத்தின் வேகத்தில் வங்காளத்தில் ஏற்கெனவே சிறு சிறு தீப்பெட்டிப் பட்டறைகள் இருந்தன. மழை குறைந்த ஊருக்கும் ஈரம் ஆகாத தொழிலுக்கும் பொருத்தம் நன்றாக இருந்தது. மருந்து முக்கிய குச்சி காய வெயில் வேண்டும். சிவகாசியில் அதற்குப் பஞ்சமே இல்லை!

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இருவரும் ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. தாங்களே போய், தங்கி, கையால் செய்து கற்றுக்கொண்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜெர்மன் இயந்திரமும் ஊர்க் கைகளும்

ஊர் திரும்பி 1923-ல் தொழிலைத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தார்கள். ஆனால் கணக்குக் கட்டுபடியாகவில்லை. இயந்திரத்தின் விலை, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து சரக்கின் விலையை ஏற்றின. வேலையில்லாத கைகளோ ஊரெல்லாம் இருந்தன. எனவே இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். சட்டத்தில் குச்சி அடுக்குவது ஒருவர், மருந்தில் முக்குவது ஒருவர், பெட்டி ஒட்டுவது ஒருவர், லேபிள் ஒட்டுவது இன்னொருவர். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கே போனது.

புதுமை என்றாலே புது மெஷின் என்று நினைக்கிறோம். சிவகாசியின் முதல் பெரிய புதுமை, மெஷினை வேண்டாம் என்று சொன்னதுதான். அடக்கவிலைக் கணக்கியலில் நாம் படிப்பதை அவர்கள் பட்டறையில் செய்து பார்த்தார்கள்.

அதே 1923-ல்தான் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி இந்தியாவில் விம்கோவை ஆரம்பித்தது. சென்னை திருவொற்றியூரிலும் அவர்களுக்கு ஆலை இருந்தது. உலகத் தீப்பெட்டிச் சந்தையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த ராட்சசக் கம்பெனி அது. இயந்திரத்தோடு இயந்திரமாக மோதியிருந்தால் சிவகாசி ஒரு வருஷம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம். 1934-ல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. பிற்பாடு கைத்தொழில் ஆலைகளுக்கு வரியில் சலுகையும் கிடைத்தது. அது பெரிய பக்கபலம்.

ஒரு தொழிலின் தேவை, அடுத்த தொழில்

1926-ல் இருவரும் பிரிந்து தனித்தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்தார்கள். அய்ய நாடாருக்கு அணில், சண்முக நாடாருக்குக் காக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவரும் "ஒரு காக்கா தீப்பெட்டி குடுங்க" என்று கேட்கலாம். பிராண்டிங் என்று இன்று தனிப் பேப்பராகவே படிக்கிறோமே, அது இந்தச் சின்ன லேபிளில் அன்றே இருந்தது.

லேபிள் என்றால் அச்சடிக்க வேண்டும். லட்சக்கணக்கில், கலரில், மலிவாக. வெளியூரை நம்பியிருந்தால் செலவு, தாமதம். எனவே 1920-களின் கடைசியிலேயே சிவகாசிக்கு லித்தோ அச்சகம் வந்துவிட்டது. தீப்பெட்டி லேபிளுக்காக வந்த மெஷின் வருஷம் முழுக்க ஓட வேண்டுமே? காலண்டர் வந்தது, சாமிப் படம் வந்தது, வாழ்த்து அட்டை, டைரி, பாடநோட்டு எல்லாம் வந்தன. பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் ஏறி இந்தியா முழுவதும் வீட்டுச் சுவர்களுக்குப் போயின.

பட்டாசின் கதையும் இப்படித்தான். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் முக்கியம். அந்த ரசாயனத்தைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு வண்ண மத்தாப்புக் குச்சி அடுத்த படி. ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்த்தால் சிவப்பு, பேரியம் சேர்த்தால் பச்சை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன. லைசென்ஸ் வாங்கி முறையாகப் பட்டாசு ஆலை நடத்தும் காலம் தொடங்கியது. 1942-ல் ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் பிறந்தது. பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், அட்டைப்பெட்டி வேண்டும். அச்சகம் இன்னும் வளர்ந்தது.

ஆக, மூன்று தொழில்களும் தற்செயலாக வந்து சேரவில்லை. ஒன்றின் தேவையிலிருந்து ஒன்று பிறந்தது. நேரு இந்த ஊரைக் "குட்டி ஜப்பான்" என்று அழைத்ததாகச் சொல்வார்கள்.

இது எப்படிப் பழக்கமாக மாறியது?

இரண்டு பேர் புத்திசாலியாக இருப்பது வேறு, ஊரே அப்படி மாறுவது வேறு. எனக்குத் தெரிந்தவரை மூன்று காரணங்கள்.

முதலாவது, தொழில் ரகசியம் பூட்டி வைக்கப்படவில்லை. ஓர் ஆபீசில் (இங்கே தீப்பெட்டி ஆலைக்கு "தீப்பெட்டி ஆபீஸ்" என்றுதான் பெயர்) வேலை கற்றவர் வெளியே வந்து தனியாகத் தொடங்கினார். உறவு, அக்கம்பக்கம் வழியாக அறிவு பரவியது.

இரண்டாவது, மகமை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதியாக எடுத்து வைக்கும் வழக்கம் இந்தப் பகுதி நாடார் வணிகர்களிடம் பழையது. அந்தப் பணம் பள்ளிக்கூடங்களாக மாறியது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது 1889-ல். கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் தெரிந்த தலைமுறை அப்படித்தான் உருவானது.

மூன்றாவது, வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருந்ததால் சிறு முதலே போதும். முழு ஆலை வைக்க முடியாதவர் பெட்டி மட்டும் செய்து கொடுக்கலாம். தோற்றாலும் குடும்பம் முழுகிப் போகாது. தோற்க முடிகிற இடத்தில்தான் புதிதாக முயன்று பார்க்கவும் முடியும்.

மறுபக்கம்

இதோடு நிறுத்தினால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும்.

இயந்திரத்தை ஓரங்கட்டியது 1920-களில் புத்திசாலித்தனம். ஆனால் கைகள் மலிவாகக் கிடைக்கும்வரை இயந்திரத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இன்னும் மலிவான கைகள் யாருடையவை? குழந்தைகளுடையவை. விடிவதற்கு முன்பே பிள்ளைகளைக் கிராமம் கிராமமாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பலர் நம் பக்கத்தில் குச்சி அடுக்கியவர்கள்தான். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. மகமை பள்ளிக்கூடம் கட்டிய அதே மண்ணில்தான் இதுவும் நடந்தது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தவர், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் அந்தக் குழந்தையின் நலனுக்காகச் செலுத்த வேண்டும். அதன்பிறகு நிலைமை நிறையவே மாறியது. ஆனால் மாற்றம் வந்தது கோர்ட்டிலிருந்து, பட்டறையிலிருந்து அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பசுமைப் பட்டாசுக்கு மாறச் சொன்னது. அதற்கான கலவையைத் தந்ததும் நீரி என்ற மத்திய அரசு ஆய்வகம்தான். ஒரு காலத்தில் தானாகவே அடுத்த படியைத் தேடிப்போன ஊர், இப்போது வெளியிலிருந்து தள்ளினால்தான் நகர்கிறது.

தீப்பெட்டியையே பாருங்கள். 2007-ல் ஒரு ரூபாய் ஆன பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. பதினான்கு வருஷம் ஒரே விலை! இதற்கிடையில் பிளாஸ்டிக் லைட்டர் வந்து சந்தையைப் பிடித்தது. 2023-ல் மத்திய அரசு 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியைத் தடை செய்தது. 1922-ல் இறக்குமதி வரி உயர்ந்தபோது இரண்டு பேர் அதைப் பயன்படுத்திப் புதுத் தொழிலையே கொண்டு வந்தார்கள். நூறு வருஷம் கழித்து வந்த இந்தத் தடை, இருக்கிற தொழிலைக் காப்பாற்ற மட்டும் உதவியது. வித்தியாசம் புரிகிறதா?

எங்கே பிசகியது?

கல்கத்தா போன இருவரும் கையால் வேலை செய்து கற்றவர்கள். யோசிக்கிற தலையும் வேலை செய்கிற கையும் அப்போது ஒரே ஆளிடம் இருந்தன. மருந்து ஏன் உதிர்கிறது, குச்சி ஏன் நமுக்கிறது என்பது முதலாளிக்கே தெரியும். தொழில் பெருகியதும் தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. நாள் முழுக்கக் குச்சி அடுக்குகிற பெண்ணுக்கு அந்த வேலையைப் பற்றி எல்லாமே தெரியும். ஆனால் "இதை எப்படிச் சுலபமாக்கலாம்?" என்று அவளிடம் யார் கேட்டார்கள்? எண்ணிக்கைக்குத்தான் கூலி, யோசனைக்கு இல்லை. டொயோட்டா 1951-ல் செய்தது இந்த ஒன்றைத்தான், கையிடம் கேட்டது.

ஆகவே புதுமைப் பண்பாடு என்பது ஆராய்ச்சிக் கூடமும் இல்லை, சுவரில் ஒட்டும் வாசகமும் இல்லை. வேலை செய்கிறவருக்குத் தெரிந்தது முடிவெடுக்கிறவர் காதுக்குப் போக ஒரு வழி. அந்த வழி திறந்திருந்தவரை சிவகாசி ஒரு தொழிலிலிருந்து மூன்று தொழில் செய்தது. அடைபட்டபிறகு இருந்ததையே திரும்பத் திரும்பச் செய்தது.

நம் தளவாய்புரத்துக்கு வருவோம். இங்கே தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிறார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. இங்கும் சிறு முதல், துண்டு வேலை, உறவு வழியாகப் பரவும் அறிவு. அன்றைய சிவகாசியின் நல்ல குணங்கள் எல்லாம் இருக்கின்றன. பீஸ் ரேட்டும் இருக்கிறது. நாள் முழுக்க மெஷினில் உட்காரும் அக்காவுக்கு எந்த அளவு துணி வீணாகிறது, எந்தத் தையல் முதலில் பிரிகிறது, எந்த டிசைன் திரும்பி வருகிறது எல்லாம் தெரியும். அவரிடம் உட்கார்ந்து கேட்கிற முதலாளி யாரோ, அவர்தான் நம் ஊரின் அடுத்த தொழிலைத் தொடங்குவார் என்று நான் நம்புகிறேன். படிப்பு முடிந்து சொந்தத் தொழில் பற்றிக் கனவு காணும் என் வகுப்புத் தோழர்களும் முதல் வேலையாக ஒரு மாதம் மெஷினில் உட்கார்ந்து தைத்துப் பாருங்கள். கல்கத்தாவுக்குப் போக வேண்டியதில்லை, அடுத்த தெருவுக்குப் போனால் போதும்.