எல்லைக்கோடும் சொத்துவரியும்: சான் அன்டோனியோவின் இரு பள்ளி மாவட்டங்கள்

டெக்சஸ் மாநிலத்தில் பள்ளி மாவட்டம் என்பது வருவாய் நிர்வாகத்தின் உட்பிரிவு அன்று. வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவால் ஆளப்பட்டு, தன் எல்லைக்குள் அமைந்த வீடு, நிலம், வணிகக் கட்டடம் ஆகியவற்றின் மீது வரி விதிக்கும் உரிமை பெற்ற தன்னாட்சி அமைப்பு. இவ்வுரிமை உள்ளூர் மக்களின் கல்வி ஆர்வத்திற்கு இடமளிப்பதாகக் கூறப்படுவது வழக்கம். எனினும், சான் அன்டோனியோ நகர்ப்பகுதியைச் சேர்ந்த எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் ஆகிய இரு மாவட்டங்களின் வரலாற்றை ஒப்புநோக்கினால், பள்ளியின் தரத்தை வரையறுத்தது மக்களின் ஆர்வத்தைவிட எல்லைக்குள் அடங்கிய சொத்தின் மதிப்பே என்பது புலனாகும்.

1967–68 கல்வியாண்டின் கணக்கு இதற்குச் சான்று. மெக்சிக்க வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழ்ந்த எட்ஜ்வுட்டில் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் மிகக் குறைவாதலால், ஒரு மாணவருக்கு 5,960 டாலர் சொத்து மதிப்பே இருந்தது. வெள்ளையர் மிகுந்த செல்வப் புறநகரான அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கும் மேல். நூறு டாலர் மதிப்புக்கு எட்ஜ்வுட் 1.05 டாலரும் அலமோ ஹைட்ஸ் 0.85 டாலரும் வரி விதித்தன. மாநிலத்தின் அடிப்படைப் பள்ளி நிதித் திட்டத்திற்கு உரிய பங்கைச் செலுத்தியபின், கூடுதல் வரி விதித்த எட்ஜ்வுட்டில் மாணவருக்கு எஞ்சியது 26 டாலர். குறைவாக விதித்த அலமோ ஹைட்ஸில் 333 டாலர். இடைவெளியைக் குறைக்க வேண்டிய மாநில நிதியோ முன்னதற்கு 222 டாலரும் பின்னதற்கு 225 டாலருமாகவே அமைந்தது.

1968 மே மாதம் எட்ஜ்வுட் மாணவர்கள் பழுதடைந்த கட்டடங்களையும் தகுதிபெற்ற ஆசிரியர் பற்றாக்குறையையும் எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதையடுத்து டெமெட்ரியோ ரொட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் தொடுத்த வழக்கில், 1971இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. கல்வி, கூட்டாட்சி அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமைகளுள் அடங்காது என்றும், உள்ளூர்க் கட்டுப்பாட்டைப் பேணுவது ஏற்கத்தக்க நோக்கமே என்றும் நீதிபதி பவல் எழுதினார். நீதிபதி மார்ஷல் கடுமையாக மாறுபட்டார்.

பணம் தருபவரிடமே அதிகாரமும் சென்றுவிடும் என்னும் பவலின் கவலை புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் கட்டுப்பாடு என்பது தெரிவு செய்யும் ஆற்றலை முன்நிபந்தனையாகக் கொண்டது. உயர்ந்த வரியை ஏற்றும் மாணவருக்கு 26 டாலரே எஞ்சிய மாவட்டத்திற்கு அத்தகைய தெரிவு பெயரளவிலேயே இருந்தது.

பின்னர் தொடுக்கப்பட்ட புதிய வழக்கு மாநில அரசியலமைப்பை நாடியது. அது கோரும் திறன்மிக்க பொதுப்பள்ளி முறை நடப்பில் இல்லை என 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வளமிக்க மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை மாநிலம் பகிர்ந்தளிக்க வழிசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தை 1995இல் அந்நீதிமன்றமே ஏற்றது. இச்சட்டம் நடைமுறையில் பணத்தை எல்லை கடக்கச் செய்ததே தவிர, எல்லையைப் பெரும்பாலும் தொடவில்லை. எனவே, நிதிச் சீர்திருத்தத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு புறநகர்ப் பள்ளி மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவது போதாது. எந்த வீடுகள் எந்த எல்லைக்குள் வந்தன என்பதையும் அதனுடன் சேர்த்தே ஆராய வேண்டும்.